கோப்பைக்கு ஷோகேஸ், நோட்டுக்கு பழைய பேப்பர் கடை

முதல்லயே சொல்லிடறேன், இது கோவத்துல எழுதற பதிவு. பாதி கோவம் ஊர் மேல, மீதி பாதி என் மேல. நாய் பிடிக்காதவங்களும் படிக்கலாம், கடிக்காது :-)

போன வாரம் மூணு நாள் லீவு போட்டுட்டு இளம்பிள்ளை போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: சேலத்துக்குப் பக்கத்துல, கஞ்சமலையைப் பார்த்தமாதிரி இருக்கற ஊர். சேலைக்குப் பேர் போனது. எந்தத் தெருவுல நின்னாலும் தறி சத்தம் கேக்கும். பெங்களூருல ஆணி புடுங்கிட்டு ஊருக்குப் போனா முதல் ராத்திரி எனக்கே தூக்கம் வராது.

சித்தி பையன் புதுசா ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தான். ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பார்க்கவே அம்சமா இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. சரி புதுசுதானேன்னு விட்டுட்டேன். சாயங்காலம் குட்டி திண்ணையில தூங்கிட்டு இருந்தப்ப பின்னாடி நின்னு ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். உள்ளே இருந்து சித்தி ஓடி வந்துட்டாங்க. குட்டி தூங்கிட்டே இருந்தது.

"யார்கிட்டடா வாங்கினே?"

"தறிக்கார மாமா லைன்ணா. ஒரிஜினல்."

அந்த "ஒரிஜினல்"ங்கற வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

தறிக்கார மாமா எங்க தெருக்காரர். சொந்தம் கிடையாது, ஆனா தெருவுக்கே மாமா. நாலு தறி, ஒரு ஓட்டு வீடு, எப்பவும் மூணு நாலு ராஜபாளையம் நாய்ங்க. நாய் வித்து அவர் பணக்காரர் ஆகல. குட்டி வாங்க வர்றவங்களை அவர் கேக்கற கேள்வியைப் பார்த்தா பொண்ணு கேட்டு வந்தவங்களே தேவலைன்னு தோணும். "தோட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டுவீங்களா? அப்ப உங்களுக்கு இந்த நாய் வேண்டாங்க" என்று முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பிடுவார்.

அவர்கிட்ட ஒரு நோட்டு இருந்தது. முன்பக்கம் தறிக் கணக்கு: பாவு எப்ப வந்தது, எத்தனை சேலை இறங்குச்சு, கூலி எவ்வளவு பாக்கி. அதே நோட்டைத் திருப்பிப் பிடிச்சா பின்பக்கம் நாய்க் கணக்கு. தேதி, தாய், தகப்பன், கடுவன் எத்தனை, பொட்டை எத்தனை, மூக்கு நிறம், காது, யாருக்குக் கொடுத்தது. அவ்வளவுதான், வேற அலங்காரம் எதுவும் கிடையாது.

அதுல "காது" என்ற கட்டம்தான் முக்கியம். ராஜபாளையம் நாய்க்கு நாம அழகுன்னு கொண்டாடற அந்த முழு வெள்ளையும் ரோஸ் மூக்கும் நிறமி குறைவால வர்றது. அந்த நிறமி செல்கள் காதுக்குள்ளயும் வேலை செய்யணும். அங்கே அது இல்லாம போனா, குட்டி பிறந்த சில வாரத்துலயே உள்காதுல கேக்கற செல்கள் செத்துப் போகும். ராஜபாளையத்துல பிறவிச் செவிடு வர்றது வளர்க்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். வெளியே சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான்.

மாமா சொல்வார். எழுதியும் வெப்பார். எங்க ஊர்ல தறி ஓடறப்ப எந்தக் குட்டிக்கும் காது டெஸ்ட் பண்ண முடியாது. அதனால அவர் கரண்ட் கட்டுக்குக் காத்திருப்பார். 2012ல தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்குல கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே மின்வாரியத்தைத் திட்டிட்டு இருந்தப்ப மாமா மட்டும் சாவிக்கொத்தை எடுத்துட்டு நாய்க்கொட்டாய்க்குப் போவார். ஒவ்வொரு குட்டிக்கும் பின்னாடி உக்காந்து ஒரு தடவை ஆட்டுவார். திரும்பாத குட்டிக்கு நோட்டுல ஒரு வட்டம். பக்கத்துல "காது இல்லை". ஒரே ஜோடிக்கு ரெண்டு தடவை வட்டம் விழுந்தா அடியில கோடு போட்டு "இந்த ஜோடி இனி வேண்டாம்".

ராஜபாளையம் வளர்க்கறவங்க நாலஞ்சு பேர் சேலம், நாமக்கல் பக்கம் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி வெச்சிருந்தாங்க. பேர் வேண்டாம். அதுல மாமாவுக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆனா யார் நாயை யார் நாயோட சேர்க்கலாம்னு கேக்கறதுக்கு எல்லாரும் அவர்கிட்டதான் வருவாங்க. ஏற்காடு கோடை விழாவுல நாய் கண்காட்சி நடக்குமே, அதுக்கு மத்தவங்க நாயைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போவாங்க. மாமா நோட்டோட போவார். அவங்க கோப்பையோட வருவாங்க. இவர் இன்னும் ரெண்டு நாயோட தாய் தகப்பன் விவரத்தை எழுதிட்டு வருவார்.

2019 பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா கண்ணு, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே. இதை அதுல ஏத்திக் குடு சாமி. எனக்கப்புறம் யார் கையெழுத்தை யார் படிப்பா." நோட்டைக் கையில கொடுத்தார். நான் போன்ல நாலு பக்கம் போட்டோ எடுத்தேன். "அடுத்த தடவை வர்றப்ப முழுசா எடுத்துக்கறேன் மாமா" என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். ரிலீஸ், அப்ரைசல், கொரோனா, வீட்டிலிருந்து வேலை. வீட்டிலிருந்து வேலைன்னா இளம்பிள்ளையிலதான் இருந்தேன் மகாஜனங்களே, அவர் வீட்டுல இருந்து ஏழாவது வீட்டுல!

2022 ஆடியில மாமா போய்ட்டார்.

சங்கத்துக்காரங்க வந்தாங்க. குறை சொல்லக் கூடாது, மாலை பெருசு. முச்சந்தியில பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். "கண்ணீர் அஞ்சலி", மாமா போட்டோ, கீழே யாரோ ஒருத்தரோட நாய் போட்டோ, ஓரத்துல சங்கப் பிரமுகர்கள் பதினாறு பேர் தலை. அந்தப் பதினாறு பேர்ல ஒருத்தர்கூட "அவர் நோட்டு எங்கேம்மா?" என்று அத்தைகிட்ட கேக்கல. நானும்தான் கேக்கல. தறியை வித்தப்ப கணக்கு முடிஞ்ச நோட்டெல்லாம் எடைக்குப் போச்சு. ஒரு ஃப்ளெக்ஸுக்கு ஆன காசுல அந்த நோட்டை நூறு காப்பி ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம்.

சரி, ஒரு நோட்டு போனா என்ன குடி முழுகிடுச்சு என்று கேட்பீர்கள். நம்ம பாஷையிலயே சொல்றேன். ஒரு நாயினம்ங்கறது ஒரு டேட்டாபேஸ். ஒவ்வொரு நாயும் ஒரு வரிசை, அதுல தகப்பனுக்கு ஒரு ஐடி, தாய்க்கு ஒரு ஐடி. பத்து தலைமுறை பின்னாடி போனா 1024 இடம் நிரப்பணும். அந்த 1024ல ஒரே பேர் எத்தனை தடவை திரும்ப வருதுங்கறதுதான் ஆபத்தோட அளவு. அப்பனையும் மகளையும் சேர்த்தா குட்டிக்கு உள்கலப்பு 25 சதவீதம். அண்ணன் தங்கச்சிக்கும் அதேதான். ஒருவழிச் சகோதரங்களுக்கு 12.5. இதெல்லாம் நாய் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு காது மட்டும் கேக்காத நாயை வெளியே இருந்து பார்த்தாலே தெரியாது, ஆனா அது அந்தக் குறையைக் குட்டிக்குக் கடத்தும். பேக்கப் இல்லாத சர்வர் படுத்தா நாம என்ன குதி குதிக்கிறோம்! இங்கே இருந்த ஒரே பேக்கப்பைக் கிலோ கணக்குல எடைக்குப் போட்டுட்டு, அதே லைன்ல "ஒரிஜினல்" என்று குட்டி வித்துட்டு இருக்காங்க.

தம்பி வாங்கின குட்டியோட தாய் தகப்பன் யாரு? வித்தவனுக்கும் தெரியாது. மாமா கோடு போட்டு நிறுத்தின ஜோடியோட வாரிசா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி இல்லை. இந்த இழப்புக்குத்தான் இவ்வளவு புலம்பல்.

உலகத்துல எந்த நாயினம் பிழைச்சிருக்குன்னு எடுத்துப் பாருங்க, பின்னாடி ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். குதிரைப்படை அதிகாரி. 1899ல ஒரு நாயை வாங்கினார், ஹோரண்ட் என்று பேர் வெச்சார், அதே வருஷம் சங்கம் ஆரம்பிச்சு வம்சாவளிப் பதிவேட்டுல முதல் நாயா அதை எழுதினார். ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் கிட்டத்தட்ட அழிஞ்சு போன நிலைமையில ஜார்ஜ் கிரஹாம் என்ற கேப்டன் 1860கள்ல மீட்கற வேலையைத் தொடங்கினார். அதுக்குச் சங்கம் வந்தது 1885ல. இடையில இருபது வருஷத்துக்கு மேல அந்த மனுஷன் தனியா நாயும் கணக்குமா இருந்திருக்கார்.

இதைவிட நல்ல உதாரணம் ஜப்பான். ஹச்சிகோ கதை தெரியாதவங்க இருக்கீங்களா? செத்துப்போன எஜமானுக்காக ஷிபுயா ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா காத்திருந்த அகிடா நாய். 2009ல வந்த ரிச்சர்ட் கியர் படத்தைப் பார்த்து ரூமே அழுதிருக்கு, நான் உட்பட. அந்த நாயை உலகத்துக்குச் சொன்னது யார்? ஹிரோகிச்சி சைட்டோ. வெளிநாட்டு நாய் மோகத்துல ஜப்பானோட சொந்த நாய்ங்க கலந்து கரைஞ்சிட்டு இருந்த காலத்துல, 1928ல ஜப்பானிய நாய்களைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சவர். நாட்டு நாய் எங்கெங்கே மிச்சம் இருக்குன்னு தேடித் திரிஞ்சவர். 1931ல அகிடாவை அரசாங்கம் இயற்கைச் சின்னமா அறிவிச்சது. 1932ல அவர் பத்திரிகைக்கு எழுதினதாலதான் ஹச்சிகோ பிரபலம் ஆச்சு. நாய்க்கு ஷிபுயாவுல சிலை இருக்கு, படம் இருக்கு. சைட்டோ பேரைக் கேட்டா நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கேயும் நம்ம கதைதான். ஒரே ஒரு வித்தியாசம், அவர் சங்கமும் பதிவேடும் இன்னும் இருக்கு.

நாம என்ன பண்ணினோம்? 2005ல நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வந்தது, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. சந்தோஷம். கர்னால்ல இருக்கற கால்நடை மரபணு வளத்துக்கான தேசியப் பணியகம் முதன்முதலா நாய் இனங்களைப் பதிவு பண்ணினப்ப ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முதோலும்தான் முதல் மூணு. ரொம்ப சந்தோஷம். 2020 ஆகஸ்டுல பிரதமர் மனதின் குரல்ல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொல்லிச் சொன்னார். அன்னைக்கு ராத்திரி என் வாட்ஸப் வழிஞ்சிடுச்சு. "தமிழன் வளர்த்த வீர நாய், வெள்ளைக்காரனை விரட்டிய நாய்" என்று ஆரம்பிச்சு ஆதாரம் இல்லாத அத்தனை கதையும் வந்தது. ஃபார்வர்டு பண்ணினவன்ல ஒருத்தன்கூட வீட்டு நாயோட பாட்டி பேரைச் சொல்லமாட்டான்.

இதுல நிஜமான வேலையைச் செஞ்சவங்க சத்தமே போடல. தியடோர் பாஸ்கரன், தபால்துறையில பெரிய பதவியில இருந்து ஓய்வு பெற்றவர், இந்திய நாயினங்களைப் பத்தி பல வருஷம் எழுதி 2017ல ஆங்கிலத்துல தனிப் புத்தகமே போட்டார். அதுக்கும் முன்னாடி 1960கள்லயே டபிள்யூ.வி.சோமன் என்பவர் இந்திய நாய்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதிட்டுப் போயிருக்கார். கர்நாடகாவுல முதோல் நாய் இருக்குன்னா அதுக்கு மாலோஜிராவ் கோர்படே என்ற முதோல் ராஜா காரணம். அவர் ராஜா, அதனால பேர் நின்னுச்சு. தறி ஓட்டினவன் பேர் நிக்கல.

இத்தனைக்கும் கணக்கு வெக்கறது நமக்குத் தெரியாத வித்தை கிடையாது. மேச்சேரி ஆட்டுக்கு எங்க சேலம் மாவட்டத்துலயே, பொட்டனேரியில, ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காங்கேயம் மாட்டுக்கு பழையகோட்டை பட்டக்காரர் பட்டி இருந்தது, மாட்டு வைத்தியர்கள் இன்னும் அந்தப் பேரைச் சொல்றாங்க. ஆடு கறி, மாடு பால், உழவு. நாய்க்கு அப்படி எதுவும் இல்ல. முயல் வேட்டைக்கு வெச்சிருந்த நாய்க்கு 1972 வன உயிரினச் சட்டத்தோட அந்த வேலையும் போச்சு. வேலை போன இனத்தைச் சோறு போட்டு வெச்சிருந்தவங்க இந்த மாதிரி மாமாக்கள்தான்.

இப்ப வழக்கமா வர்ற ரெண்டு அம்புக்கு முன்கூட்டியே பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு: "நாய்க்கு எதுக்குய்யா ஜாதி? ரத்த சுத்தம் பேசறவன் எல்லாம் ஒரே கும்பல்." நியாயமான கேள்வி. கூச்சத்தோடதான் பதில் சொல்றேன், ஏன்னா நாய் வளர்ப்புக் குழுக்கள்ல ரத்த சுத்தம் பேசறவங்க பேச்சு பல சமயம் நாயோட நிக்கறதில்ல. ஆனா என்கிட்ட இருக்கற நாலு பக்கத்துலயும் "சுத்தம்" என்ற வார்த்தை கிடையாது. காது இருக்கு, மூக்கு இருக்கு, "பால் பத்தல", "குட்டி ரெண்டு தங்கல" இருக்கு. தன் வீட்டுக் குறையைத் தன் கையால எழுதறவன்கிட்ட வம்சத் திமிர் வராது. கணக்கு எழுதாம பெருமை மட்டும் பேசினா, அப்ப நீங்க சொல்ற வியாதிதான். சொல்லப்போனா சுத்தம் சுத்தம்னு ஒரே குடும்பத்துக்குள்ள சேர்த்துட்டே போறதுதான் செவிட்டுக் குட்டிக்கு வழி. எப்ப வெளியே இருந்து ரத்தம் கொண்டு வரணும்னு சொல்றதும் அதே நோட்டுதான்.

ரெண்டு: "தெருவுல இவ்வளவு நாய் அனாதையா திரியறப்ப எதுக்கு இனப்பெருக்கம்?" தெரு நாயை எடுத்து வளருங்க, கும்பிடறேன். குட்டி போடற மிஷின் மாதிரி பொட்டை நாயை வெச்சிருக்கறவனை உள்ளே போடுங்க, அதுக்கும் கும்பிடறேன். சைதாப்பேட்டையில அரசாங்கமே நடத்தின நாய் இனப்பெருக்க நிலையத்தை, நாய்கள் இருக்கற நிலைமை சரியில்லைன்னு வழக்குப் போட்டு, 2016ல உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிடுச்சு. ஆக, அரசாங்க முத்திரை இருந்தா மட்டும் போதாது. 2017 மத்திய விதிகள் தெளிவா சொல்லுது: 18 மாசம் ஆகாத பொட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆயுசுக்கு 5 ஈத்துக்கு மேல கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது, பதிவேடு வெக்கணும். 2024ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த கொள்கையும் வளர்க்கறவங்க பதிவு பண்ணணும்னுதான் சொல்லுது. மாமா இந்த விதிகளைப் படிச்சதில்ல. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அவர் நோட்டு இருந்தது.

என் சண்டை சங்கங்களோட. ஒரு நாயினச் சங்கத்துக்கு வேலை என்ன? பதிவேடு வெக்கறது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம். கண்காட்சி, கோப்பை, சால்வை, நடுவருக்கு பிரியாணி எல்லாம் அந்தப் பதிவேட்டை நம்பித்தான் நிக்குது. நம்ம ஊர்ல தலைகீழ். கோப்பைக்கு ஷோகேஸ் இருக்கு, பதிவேட்டுக்கு ஒரு பீரோ கிடையாது. ஜெயிச்ச நாயோட ஓனர் பேர் மேடையில மூணு தடவை வாசிக்கறாங்க. அந்த நாயோட பாட்டியை ராத்திரி மூணு மணிக்குப் பிரசவம் பார்த்தவன் பேர் தெரியாது. செத்தவங்களை நினைவு வெக்கறதுன்னா ஃப்ளெக்ஸ் அடிக்கறதுன்னு ஆயிடுச்சு. வளர்த்தவனை மறக்காம இருக்கணும்னா அவன் எழுதின வரிக்கு அடுத்த வரியை எழுதணும். வேற அஞ்சலி எதுவும் எனக்குத் தெரியல.

அதனால மூணு வேண்டுகோள். சங்கத்துக்காரங்களே, அடுத்த கண்காட்சியில ஒரு கோப்பையைக் குறைச்சுக்கங்க, அந்தக் காசுல ஒரு ஸ்கேனர் வாங்குங்க. குறையை மறைக்காம எழுதினவனுக்கு ஒரு பரிசு கொடுங்க. நாட்டு நாய் வெச்சிருக்கறவங்களே, இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்து தாய், தகப்பன், தேதி, காது, நாலு கட்டம் போடுங்க. தெரியாட்டி "தெரியாது" என்று எழுதுங்க, பொய்யை விட அது மேல். பதிவர் பெருமக்களே, உங்க ஊர்லயும் ஒரு மாமா இருப்பார். ராஜபாளையம், கோவில்பட்டி, கோம்பைப் பக்கம் இருக்கறவங்க நிச்சயம் தேடினா கிடைப்பார். நோட்டோ, காலண்டர் பின்பக்கமோ, சுவத்துல கரிக்கோடோ, அவர் சம்மதத்தோட முழுசா போட்டோ எடுங்க. நாலு பக்கத்தோட நிறுத்தாதீங்க. அடுத்த தடவைன்னு சொல்லாதீங்க.

நான் ஆரம்பிச்சிட்டேன், ஏழு வருஷம் லேட்டா. அந்த நாலு பக்கத்துல 11 நாய்ங்க இருக்கு. அத்தனையும் டைப் அடிச்சாச்சு. யாருக்குக் கொடுத்ததுங்கற கட்டத்தைப் பிடிச்சுட்டு கிளம்பினேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில ஒரு கிழட்டு கடுவன் இன்னும் உசுரோட இருக்கு. மாமா எழுதின மாதிரியே கறுத்த மூக்கு. பண்ணைக்காரர் "அவருங்களா, குட்டியைக் குடுத்துட்டு மூணு மாசம் கழிச்சு பஸ் ஏறி வந்து பார்த்துட்டுப் போனாருங்க" என்றார். பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தது.

டிஸ்கி: தம்பியோட குட்டியைப் பத்தி விசாரிக்கறவங்களுக்கு, அது ஜோரா இருக்கு. கையைக் காட்டினா வருது, உக்காருது. அதுக்கு குட்டி எடுக்கமாட்டேன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்கியாச்சு. புது நோட்டுல முதல் வரி அதோடதுதான். தாய்: தெரியாது. தகப்பன்: தெரியாது. காது இல்லை.